சீனப் புத்தாண்டை முறையாக வரவேற்பது எப்படி? அடுப்புச் சாமியை வழியனுப்புவது முதல் பதினைந்தாம் இரவு வரை

சிங்கப்பூருக்கு வந்த முதல் வருடம், சீனப் புத்தாண்டு அன்று காலையில் எங்கள் அடுக்குமாடியின் பொது நடைபாதையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். நல்ல நாளும் அதுவுமாக வாசல் சுத்தமாக இருக்கட்டுமே என்ற நம்மூர் நினைப்பு. கதவைத் திறந்து எட்டிப் பார்த்த எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, "ஜாங்கான்! ஜாங்கான் சாப்பு!" என்று மலாயில் கத்திக்கொண்டே ஓடிவந்து துடைப்பத்தைப் பிடுங்கிவிட்டார். 'பெருக்காதே' என்று அர்த்தம். வாசலுக்கு வந்து நின்ற அதிர்ஷ்டத்தையெல்லாம் மாடிப்படி வழியாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அந்தப் பாட்டியை நான் 'ஆ மா' என்று கூப்பிடுவேன். ஹொக்கியன் என்ற தென்சீன மொழியில் பாட்டிக்கு அதுதான் சொல். அவரிடம் எந்த வழக்கத்துக்குக் காரணம் கேட்டாலும் கதை சொல்ல மாட்டார், ஒரு சொல்லைச் சொல்வார். "மீன் ஏன்?" என்றால், மீனுக்கான சொல்லும் மிச்சத்துக்கான சொல்லும் ஒரே ஓசை என்பார். "நாலு ஏன் கூடாது?" என்றால், சாவும் அதே ஓசை என்பார். சீனத்தில் அசைகள் குறைவு, சொற்கள் ஏராளம். ஒரே ஒலியில் பத்துப் பொருள் இருக்கும். நல்ல பொருளுள்ள ஒலியை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வது, கெட்டதை வாசலிலேயே நிறுத்துவது: சீனப் புத்தாண்டு நம்பிக்கைகளில் முக்கால்வாசிக்கு இதுதான் சூத்திரம். இது பிடிபட்டால் பட்டியல் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் ஒத்து ஒலிக்கும் சொற்கள், தென்சீன மொழிகளான கான்டனீஸிலோ ஹொக்கியனிலோ அப்படி ஒலிக்காமல் போகலாம். வீட்டுக்கு வீடு வழக்கம் மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, வேலையைத் தொடங்குவோம்.

முதலில் தேதி

சீன நாள்காட்டி நிலவையும் சூரியனையும் சேர்த்துப் பார்ப்பது. புத்தாண்டு ஓர் அமாவாசையில் பிறக்கும். பெரும்பாலும் டிசம்பர் மாதக் குளிர்காலக் கதிர்த்திருப்பத்துக்குப் பிறகு வரும் இரண்டாவது அமாவாசை அது. அதனால் தேதி ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே ஊசலாடும். 2025இல் ஜனவரி 29, 2026இல் பிப்ரவரி 17, 2027இல் பிப்ரவரி 6. நம் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருவதைப் போல அவர்களும் 19 ஆண்டுகளில் 7 மாதங்களைக் கூட்டிக் கணக்கைச் சரிசெய்கிறார்கள். யுகாதி கொண்டாடுபவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று பன்னிரண்டு விலங்குகள் சுற்றிச் சுற்றி வரும். 2026 குதிரை, 2027 ஆடு. ஜனவரியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ பிறந்தவர்கள் தங்கள் விலங்கைத் தெரிந்துகொள்ள ஆங்கில வருடத்தை மட்டும் பார்த்தால் போதாது. அந்த வருடம் புத்தாண்டு எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சீனாவில் இதன் அதிகாரப்பூர்வப் பெயர் வசந்த விழா, அதாவது 'சுன் ஜியே'. 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இது இடம்பிடித்தது. இந்தோனேசியாவிலோ சுகார்த்தோ ஆட்சியில் 1967 முதல் சீனர்கள் இதைப் பொது இடத்தில் கொண்டாடத் தடை இருந்தது. 2000இல் அப்துர்ரஹ்மான் வாகித் அந்தத் தடையை நீக்கினார்.

ஒரு வாரம் முன்னால்: அடுப்புச் சாமிக்கு இனிப்பு

பண்டிகை உண்மையில் பன்னிரண்டாம் மாதம் 23 அல்லது 24ஆம் நாளே தொடங்கிவிடுகிறது. வட சீனாவில் 23, தெற்கே 24. அன்று அடுப்படியில் குடியிருக்கும் 'சாவ் ஜுன்' என்ற சாமி வானுலகத்துக்குப் புறப்படுகிறார். வருடம் முழுக்க அந்த வீட்டில் யார் என்ன பேசினார்கள், எப்படி நடந்துகொண்டார்கள் என்று வானுலகை ஆளும் ஜேட் பேரரசரிடம் போய் அறிக்கை வைப்பார். சமையலறையில் பேசாத பேச்சா?

அதனால் முதல் வேலை அவர் வாயை அடைப்பது. படத்தில் உள்ள அவர் உதட்டில் தேனைத் தடவுவார்கள். அல்லது பல்லில் ஒட்டும் மால்ட் மிட்டாயையும், பசையரிசி மாவில் செய்த 'நியன் காவ்' என்ற இனிப்பையும் படைப்பார்கள். ஒன்று, இனிப்பாகப் பேசுவார். இல்லையென்றால் வாய் ஒட்டிக்கொண்டு பேசவே மாட்டார். இரண்டில் எது நடந்தாலும் குடும்பத்துக்கு நல்லதுதான். அதன்பின் பழைய படத்தை எரித்து வழியனுப்புவார்கள். திரும்பி வரும்போது புதுப் படம் சுவரில் ஏறும். தெய்வத்துக்கே லஞ்சம் கொடுத்து, அதை ஒளிக்காமல் சிரித்துக்கொண்டே செய்யும் இந்தச் சடங்கு எனக்கு மிகவும் பிடித்தது.

சுத்தம், முடி, கடன்

சாமி ஊரில் இல்லாத இந்த வாரம்தான் வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் துலக்கும் நேரம். தூசிக்கு மாண்டரினில் 'சென்', பழையது என்பதற்கும் 'சென்'. தூசியைத் துடைத்தால் பழையதையும் துடைத்தாயிற்று. பரணில் கிடக்கும் உடைந்த சாமானையெல்லாம் இப்போதே தூக்கிப் போட்டுவிடுங்கள். புத்தாண்டுக்கு முந்தைய நாள் மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். அதன்பின் துடைப்பம், முறம், குப்பைக்கூடை எல்லாம் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடும். என்னுடைய துடைப்பமும் போயிருக்க வேண்டும்.

முடி வெட்டுவதையும் இப்போதே முடித்துவிடுங்கள். முதல் மாதத்தில் முடி வெட்டினால் தாய்மாமன் இறந்துவிடுவார் என்று வட சீனாவில் ஒரு நம்பிக்கை உண்டு. தாய்மாமன் ஏன் வந்தார்? 1645இல் மஞ்சு ஆட்சியாளர்கள் சீன ஆண்கள் எல்லாரும் முன்தலையை மழித்துப் பின்னல் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். முந்தைய மிங் அரசை மறக்காதவர்கள் 'பழையதை நினைத்து', அதாவது 'ஸு ஜியூ' என்று, முதல் மாதத்தில் மழிக்காமல் இருந்தார்களாம். 'மாமன் சாவான்' என்பதும் 'ஸு ஜியூ' போலவே ஒலிக்கும். அரசியல் எதிர்ப்பு காதில் விழுந்து விழுந்து மாமனுக்கு எமனாகிவிட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இரண்டாம் மாதம் இரண்டாம் நாள், 'டிராகன் தலைதூக்கும் நாள்' என்று சீனாவில் முடிதிருத்தகங்களில் கூட்டம் அலைமோதும்.

கடனை அடைத்துவிடுங்கள். இரவல் வாங்கிய பொருள்களையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அரிசி டப்பாவை விளிம்புவரை நிரப்பி, மேலே சிவப்புக் காகிதத்தை ஒட்டுவார்கள். புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் அது காலியாக இருக்கக் கூடாது. பொங்கலுக்கு முன் வீட்டில் நடக்கும் அமளி நினைவுக்கு வந்தால் தப்பில்லை. வங்கியில் புது நோட்டு வாங்குவதை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், வரிசை நீளமாக இருக்கும்.

வாசலில் ஒட்டுவது

சிவப்புத் தாளில் கறுப்பு அல்லது பொன் மையில் எழுதிய ஈரடி வாழ்த்துதான் வாசலுக்கு அழகு. இரண்டு அடிகளிலும் எழுத்து எண்ணிக்கை சமமாக இருக்கும், பொருளும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கும். எதுகை மோனையில் ஊறியவர்களுக்கு இதன் சுவையைச் சொல்லித் தர வேண்டாம். ஒட்டும்போது கவனம்: வாசலைப் பார்த்து நின்றால் முதல் அடி வலப்பக்கம், இரண்டாம் அடி இடப்பக்கம். மேலே குறுக்காக நான்கெழுத்து வாழ்த்து. அந்தக் காலத்தில் பேய் விரட்ட வாசலில் தொங்கவிட்ட பீச் மரப் பலகைகளின் வாரிசுதான் இந்தத் தாள்.

கதவின் இரு பக்கமும் கவசம் அணிந்த இரண்டு வீரர்களைப் பார்த்திருப்பீர்கள். டாங் பேரரசர் தைசோங்கின் தளபதிகளான சின் சியோங்கும் யூச்சி கோங்கும்தான் அவர்கள். பேய்த் தொல்லையால் தூங்க முடியாத பேரரசருக்காக இருவரும் இரவெல்லாம் வாசலில் காவல் நின்றதாகவும், அவர்களுக்கு ஓய்வு கொடுக்க அவர் ஓவியம் வரையச் சொன்னதாகவும் கதை.

'ஃபூ' என்ற ஒற்றை எழுத்துக்கு நற்பேறு என்று பொருள். அதைத் தலைகீழாக ஒட்டியிருந்தால் தவறுதலாக ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்துத் திருப்பி வைத்துவிடாதீர்கள். தலைகீழ் என்பதும் 'தாவ்', வந்து சேர்ந்தது என்பதும் 'தாவ்'. வீட்டுக்கு வரும் குழந்தை "ஃபூ தலைகீழா இருக்கு" என்று சொன்னாலே நற்பேறு வந்துவிட்டது என்று ஆகிவிடும்! பெரியவர்கள் சிலர் தலைவாசலில் மட்டும் நேராகத்தான் ஒட்டுவார்கள். தலைகீழ் வேலையெல்லாம் அலமாரிக்கும் அரிசிப் பானைக்கும்தான்.

அந்த வருடம் சாவு நடந்த வீட்டில் சிவப்புத் தாள் இருக்காது. வாசல் வெறுமையாக இருந்தால் புரிந்துகொண்டு, வாழ்த்துச் சொல்லக் கதவைத் தட்டாமல் இருப்பது மரியாதை.

முந்தைய இரவின் சாப்பாடு

வருடத்திலேயே மிக முக்கியமான நேரம் இதுதான். எங்கே வேலை பார்த்தாலும் இந்த ஒரு வேளைக்கு வீட்டில் இருந்தாக வேண்டும். சீனாவில் ரயில்களும் பேருந்துகளும் பிதுங்கும் அந்த 'சுன்யுன்' பயணக் காலம், உலகில் ஆண்டுதோறும் நடக்கும் மிகப் பெரிய மனித இடப்பெயர்வு. முதலில் முன்னோர்களுக்குப் படையல், அப்புறம்தான் மற்றவர்களுக்குச் சாப்பாடு. வர முடியாதவருக்கும் சில வீடுகளில் ஒரு கிண்ணமும் ஒரு ஜோடி சாப்ஸ்டிக்கும் வைப்பார்கள்.

மேசையில் இருப்பதெல்லாம் காதுக்கான உணவு. மீனும் மிச்சமும் 'யூ'. அதனால் முழு மீன் கட்டாயம். ஆனால் முழுவதையும் தின்று தீர்த்துவிடக் கூடாது, மறுநாளுக்கு மிச்சம் இருக்க வேண்டும். தலைப்பக்கம் மூத்தவரையோ விருந்தினரையோ பார்த்திருக்கும். ஒரு பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்டிப் போடுவதுதான் பெரிய தப்பு: கடலோர மக்களுக்குப் புரண்ட மீன் என்றால் கவிழ்ந்த படகு. முள்ளை மெல்லத் தூக்கி எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைச் சாப்பிட வேண்டும்.

'நியன் காவ்' என்றால் பசையரிசி இனிப்பு, 'ஆண்டுக்காண்டு உயர்வு' என்பதும் அதே ஒலி. கான்டனீஸ் வீட்டில் உலர்ந்த சிப்பி 'ஹோ ஸீ', நல்ல காரியமும் 'ஹோ ஸீ'. கறுப்புத் தலைமுடி போல இருக்கும் 'ஃபாட் சோய்' பாசி, செல்வம் சேரட்டும் என்ற வாழ்த்தின் அதே ஓசை. இந்த ஓசைக்காகப் புல்வெளிகளைச் சுரண்டிச் சுரண்டி நிலம் பாலையாகிறது என்று சீன அரசு 2000இல் அந்தப் பாசியைச் சேகரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. ஒரு சிலேடையால் நிலமே பொட்டலாவது இங்கேதான் நடக்கும்.

வட சீனாவில் இந்தப் பட்டியலே வேறு. அங்கே கோதுமை மாவுக் கொழுக்கட்டை 'ஜியாவ்ஸு'தான் ராஜா. பழைய பொன் கட்டியின் வடிவத்தில் மடிப்பார்கள். ஏதோ ஒன்றுக்குள் நாணயத்தை ஒளித்து வைப்பார்கள். அது கிடைத்தவருக்கு வருடம் முழுக்க யோகம், பல் உடையாமல் இருந்தால். நூடுல்ஸை எங்கேயும் வெட்டக் கூடாது, நீளம்தான் ஆயுள்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் வந்து சேரும்: 'யீ சாங்'. பெரிய தட்டில் துருவிய கேரட், முள்ளங்கி, மெல்லிய பச்சை மீன் துண்டுகள், எள், வேர்க்கடலைத் தூள், பொரித்த மாவுத் துண்டுகள். ஒவ்வொன்றையும் போடும்போது ஒரு வாழ்த்து உண்டு. எல்லாரும் எழுந்து நின்று சாப்ஸ்டிக்கால் உயரத் தூக்கித் தூக்கிக் கலக்க வேண்டும். எவ்வளவு உயரமோ அவ்வளவு வளம். "ஹுவாட் ஆ!" ('செழிக்கட்டும்!') என்று கத்தலாம், கத்த வேண்டும். மேசை நாசமாவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இன்றைய வடிவத்தை 1964இல் சிங்கப்பூரின் லாய் வா உணவகத்தில் நான்கு சமையல் வல்லுநர்கள் உருவாக்கினார்கள் என்று இங்கே சொல்வார்கள். 1940களிலேயே எங்கள் சிரம்பானில் லோக் சிங் ஃபாட் விற்றார் என்று மலேசியர்கள் சொல்வார்கள். அந்தச் சண்டையில் தலையிடாமல் சாப்பிடுவது நல்லது. மீன் சாப்பிடாதவர்களுக்குச் சைவ யீ சாங் கிடைக்கிறது.

நள்ளிரவு

பன்னிரண்டு மணிக்குக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். பழைய ஆண்டு வெளியே போகவும் புதியது உள்ளே வரவும் வழி வேண்டும். பிள்ளைகள் எவ்வளவு நேரம் விழித்திருக்கிறார்களோ அவ்வளவு நாள் பெற்றோர் ஆயுள் நீளும் என்பது நம்பிக்கை. வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழித்த அனுபவம் இருந்தால் எளிது. சீனத்தில் பட்டாசுக்கே 'வெடிக்கும் மூங்கில்' என்றுதான் பெயர். வெடிமருந்து வருவதற்கு முன் பச்சை மூங்கிலை நெருப்பில் போட்டு வெடிக்கவைத்தார்கள். 'நியன்' என்ற அரக்க மிருகம் சத்தத்துக்கும் சிவப்புக்கும் பயந்து ஓடியது என்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சிங்கப்பூரில் 1972 முதல் பட்டாசு தடை. இங்கே சிங்க நடனத்தின் மேளம்தான் அந்த வேலையைச் செய்கிறது.

சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவுக்கு அன்றிரவு போய்ப் பாருங்கள். குவான் இம் கோயிலில் புத்தாண்டின் முதல் ஊதுவத்தியை ஏற்றும் பேற்றுக்காக மணிக்கணக்கில் கூட்டம் காத்திருக்கும். பக்கத்திலேயே ஸ்ரீ கிருஷ்ணன் கோயில். அந்தச் சீன பக்தர்களில் பலர் அப்படியே வந்து கிருஷ்ணனுக்கும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். யாரும் அதை வியப்பாகப் பார்ப்பதில்லை.

முதல் நாள்: செய்யக் கூடாதவை

பெருக்கக் கூடாது. குப்பையை வெளியே கொட்டக் கூடாது. தவிர்க்கவே முடியாமல் பெருக்க நேர்ந்தால் வாசலிலிருந்து உள்பக்கமாகப் பெருக்கி, ஒரு மூலையில் குவித்து வையுங்கள். தலைக்குக் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. அதிர்ஷ்டம் தண்ணீரோடு போய்விடும் என்பார்கள், முதல் இரண்டு நாளும் நீர்த்தெய்வத்தின் பிறந்தநாள் என்பவர்களும் உண்டு. கத்தி, கத்தரிக்கோலைத் தொடக் கூடாது, அதனால் சமையல் முந்தின நாளே முடிந்திருக்கும். காலையில் கஞ்சி கூடாது, அது ஏழையின் சாப்பாடு. தூங்குபவரைப் பேர் சொல்லி எழுப்பக் கூடாது, எழுப்பினால் அவர் வருடம் முழுக்க யாராவது விரட்டிக்கொண்டே இருக்க வேண்டியவர் ஆகிவிடுவார். கடன் கேட்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. பிள்ளைகளை அதட்டக் கூடாது, அழவைக்கக் கூடாது. கடைசி விதியை வருடம் முழுக்க நீட்டிக்கச் சொல்லி எங்கள் மாடிப் பிள்ளைகள் கோரிக்கை வைத்திருக்கிறார்கள்.

தலைக்குக் குளிக்காத விதியை இந்த ஊர் வெயிலில் இளைய தலைமுறை அவ்வளவாகக் கடைப்பிடிப்பதில்லை. துடைப்ப விதியை மட்டும் யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

கிண்ணம் உடைந்துவிட்டதா? பதற வேண்டாம், பரிகாரம் கையிலேயே இருக்கிறது. உடனே "ஸுவெய் ஸுவெய் பிங் ஆன்" என்று சொல்லுங்கள். 'ஸுவெய்' என்றால் உடைதல், அதே ஒலியில் ஆண்டு. 'ஆண்டாண்டுக்கும் அமைதி' என்று வாழ்த்தாகிவிடும். துண்டுகளைச் சிவப்புத் தாளில் பொதிந்து வைத்து, சில நாள் கழித்து எறிவார்கள். கெட்டதை நல்லதாக்க ஒரு வாக்கியம் போதும் என்றால் எவ்வளவு வசதி!

நாக்குக்கும் காவல் வேண்டும். சாவு, நோய், இழப்பு, நாலு எதையும் உச்சரிக்காதீர்கள். இந்த விஷயத்தில் கான்டனீஸ்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை. புத்தகமும் தோல்வியும் அவர்கள் மொழியில் 'ஷூ' என்று ஒலிப்பதால், பஞ்சாங்கத்தின் பெயரில் இருந்த 'புத்தகத்தை' எடுத்துவிட்டு 'வெற்றி' என்று பொருள்படும் 'சிங்'கைப் போட்டு 'துங் சிங்' ஆக்கிவிட்டார்கள். கசாப்புக் கடையில் நாக்குக்கான பழைய சொல் நஷ்டம் போல ஒலிக்கிறது என்று அதையும் தூக்கிவிட்டு, லாபம் போல ஒலிக்கும் சொல்லை வைத்தார்கள். நமக்கு இது புதிதல்ல. செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், விளக்கை அணைக்காமல் குளிரவைப்பதும் மங்கல வழக்கு என்று பள்ளியில் படித்ததுதானே. "போறேன்" என்றால் பாட்டி "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று திருத்துவாரே, அதே காதுதான் இது.

உடை விஷயத்தில் கறுப்பும் வெள்ளையும் வேண்டாம், இரண்டும் துக்க நிறம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் புடவை என்றால் வாசலிலேயே பாராட்டு.

பார்க்கப் போகும்போது

வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு மாண்டரின் ஆரஞ்சு போதும். கான்டனீஸில் அந்தப் பழமும் பொன்னும் 'கம்'. ஒன்றாகவோ மூன்றாகவோ கூடாது, ஜோடியாக, இரண்டு கையாலும் மூத்தவரிடம் முதலில் கொடுத்து வாழ்த்துங்கள். மாண்டரினில் "கோங் ஸீ ஃபா சாய்", கான்டனீஸில் "கோங் ஹெய் ஃபாட் சோய்". கிளம்பும்போது அவர்கள் உங்களுக்கு வேறொரு ஜோடியைத் தருவார்கள். "இருக்கட்டும், வேண்டாம்" என்று நம்மூர் உபசாரம் செய்யாதீர்கள். பொன்னைக் கொடுத்தால் பொன் திரும்பி வர வேண்டும் என்பதுதான் கணக்கு.

அடுத்தது அங் பாவ், சிவப்பு உறை. முன்பு இதன் பெயர் 'யா ஸுவெய்' பணம். தூங்கும் குழந்தையின் தலையைத் தடவி நோய் கொடுக்கும் 'ஸுவெய்' என்ற பேயை அடக்கத் தலையணைக்கு அடியில் வைத்த காசு அது. இன்று திருமணமானவர்கள் திருமணமாகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுப்பது வழக்கம். சம்பாதிக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கும் கொடுப்பார்கள். வயது முப்பத்தைந்தானாலும் திருமணமாகவில்லை என்றால் வாங்கிக்கொள்ளலாம். "எப்போ கல்யாணம்?" என்ற கேள்வியும் கூடவே வரும், இரண்டையும் புன்னகையோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே நம்மவர்கள் வழுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. மொய் எழுதும்போது 101, 501 என்று ஒரு ரூபாய் கூட்டி வைத்தால்தான் நமக்கு மங்கலம். சீனர்களுக்கு ஒற்றைப்படைத் தொகை சாவு வீட்டுக்கு உரியது, அதுவும் வெள்ளை உறையில். அங் பாவில் இரட்டைப்படைதான் வேண்டும், அதிலும் நாலும் நாற்பதும் கூடாது. இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆறு, எட்டு, பத்து எல்லாம் நன்று. எட்டு கான்டனீஸில் 'பாட்', செழிப்பு 'ஃபாட்'. நோட்டு மடிப்பில்லாத புது நோட்டாக இருக்கட்டும். இரண்டு கையாலும் கொடுங்கள், வாங்குங்கள். கொடுத்தவர் முன்னால் பிரித்துப் பார்ப்பது அநாகரிகம், பிள்ளைகளை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். இந்த உறைப் பழக்கம் இங்கே எல்லாருக்கும் தொற்றிவிட்டது. மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறை கொடுக்கிறார்கள், நம் வீடுகளில் தீபாவளிக்கு ஊதா உறை புழங்குகிறது.

பரிசு கொண்டுபோவதானால் சுவர்க்கடிகாரம், பேரிக்காய், குடை, காலணி, கத்தி ஐந்தும் வேண்டாம். கடிகாரம் கொடுப்பதும் இறுதிச்சடங்குக்கு உடன் நிற்பதும் ஒரே ஒலி. பேரிக்காய் 'லீ', பிரிவும் 'லீ'. குடையும் சிதறலும் 'சான்'. காலணி 'ஹாய்', கான்டனீஸில் பெருமூச்சு விடும் சத்தம் அது. கத்திக்கு மட்டும் ஒலி தேவையில்லை, உறவை வெட்டும் என்று பார்த்தாலே தெரிகிறது. நம் மல்லிகைப்பூவும் ஆபத்துதான். மல்லிகையின் பெயர் 'லாபம் இல்லை' என்பதுபோல ஒலிப்பதால் கான்டனீஸ் வியாபாரிக்கு அதைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது. அன்னாசிப் பலகாரம் கொண்டுபோனால் தப்பே வராது. ஹொக்கியனில் அன்னாசி 'ஓங் லாய்', 'வளமே வா' என்று கூப்பிடுவது போல ஒலிக்கும்.

சைவக்காரர்களுக்கு ஒரு யோசனை: முதல் நாளிலேயே போய்விடுங்கள். பல சீன வீடுகளில் அன்று பௌத்த மரபுப்படி சைவம்தான், வெங்காயம் பூண்டுகூட இருக்காது. மறுநாள் போனால் அந்த வசதி கிடையாது.

மீதி நாள்கள்

இரண்டாம் நாள், மணமான மகள் கணவனோடு தாய்வீட்டுக்குப் போகும் நாள். மூன்றாம் நாளுக்குச் 'சிவந்த வாய்' என்று பெயர், வாய்ச்சண்டை வரும் என்பதால் யார் வீட்டுக்கும் போகாமல் ஓய்வெடுப்பார்கள். மூன்று நாள் உறவினர் உபசாரத்துக்குப் பிறகு இப்படி ஒரு விதியைக் கண்டுபிடித்தவர் அனுபவசாலி. சில ஊர்களில் அன்றிரவு எலிகளுக்குக் கல்யாணம், அவற்றுக்குத் தொந்தரவில்லாமல் விளக்கைச் சீக்கிரம் குளிரவைத்துத் தூங்கிவிட வேண்டும். ஐந்தாம் நாள் தடைகள் உடையும் நாள், வட சீனாவில் செல்வத்தின் தெய்வத்துக்கு வரவேற்பு. அன்றிலிருந்து பெருக்கலாம். ஆ மா என் துடைப்பத்தை அன்று காலையில்தான் திருப்பித் தந்தார், கைப்பிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டி.

ஏழாம் நாள் எல்லாருக்கும் பிறந்தநாள். நூவா என்ற தெய்வம் கோழி, நாய், பன்றி, ஆடு, மாடு, குதிரை என்று நாளுக்கொன்றாகப் படைத்துவிட்டு, ஏழாவது நாளில் மனிதனைப் படைத்தாளாம். எட்டாம் நாள் வாக்கில் கடைகள் திறக்கும். சிங்கம் ஆடி வந்து வாசலில் தொங்கும் கீரையைப் பிய்த்துத் துப்பும். அந்தக் கீரையின் பெயரும் செல்வம் பிறப்பதும் ஒரே ஒலி என்று இந்நேரம் நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

ஹொக்கியன் மக்களுக்கு ஒன்பதாம் நாள் முதல் நாளைவிடப் பெரிது. ஜேட் பேரரசரின் பிறந்தநாள் அது. முன்னொரு காலத்தில் கொலைகாரப் படையிடமிருந்து தப்பித்து ஹொக்கியன் மக்கள் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்திருந்தார்களாம். வெளியே வந்தபோது ஒன்பதாம் நாள். அதனால் எட்டாம் நாள் நள்ளிரவில் தோகையோடு முழுக் கரும்புகளை மேசையின் இரு பக்கமும் கட்டிப் படையல் போடுவார்கள். கரும்பு 'கம் சியா', நன்றி 'கம் சியா'. பினாங்கு ஜார்ஜ் டவுனின் சியூ படகுத்துறையில் அந்த இரவைப் பார்க்க வேண்டும். பொங்கல் முடிந்து சில வாரங்களில் மறுபடியும் வாசலில் கரும்பு நிற்பதைப் பார்க்கும்போது ஒரு கணம் ஊர் மாறிப்போகும்.

உங்கள் விலங்கின் ஆண்டு வந்தால்

உங்கள் விலங்கின் ஆண்டு உங்களுக்கு யோகமானது என்று நினைத்தால் தப்பு. அந்த ஆண்டின் அதிபதியான 'தை ஸுவெய்' தெய்வத்தின் கண்ணில் நேராகப் படுகிறீர்கள் என்பதால் அது கண்டமான ஆண்டு. 12, 24, 36, 48 என்று பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். 2026 குதிரை ஆண்டில் குதிரையோடு எலி, மாடு, முயல் ஆண்டுகளில் பிறந்தவர்களும் கவனமாக இருக்க வேண்டும் என்பது சோதிடர் கணக்கு. பரிகாரம்: கோயிலில் தை ஸுவெய்க்குப் பெயர் பதிந்து வழிபாடு, கையில் சிவப்புக் கயிறு, வருடம் முழுக்கச் சிவப்பு உள்ளாடை. கடைசியாகச் சொன்னதைப் பெரியவர்களே வாங்கிப் பரிசாகக் கொடுப்பார்கள், வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை மேசையோடு நிற்பதில்லை. டிராகன் ஆண்டுக் குழந்தை அதிர்ஷ்டக் குழந்தை என்பதால் சிங்கப்பூரில் 1988, 2000, 2012 மூன்று முறையும் பிறப்பு எண்ணிக்கை ஏறியது. அந்தப் பிள்ளைகள் பள்ளி, கல்லூரி, வேலை என்று எங்கே போனாலும் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருந்ததே, அது எந்த வகை யோகம் என்று எனக்குப் புரியவில்லை.

பதினைந்தாம் இரவு

முதல் பௌர்ணமியோடு பண்டிகை முடிகிறது. சீனாவில் விளக்குத் திருவிழா, இங்கே ஹொக்கியனில் 'சாப் கோ மே', பதினைந்தாம் இரவு. 'தாங் யுவான்' என்ற உருண்டைக் கொழுக்கட்டையை இனிப்பு நீரில் போட்டுச் சாப்பிடுவார்கள். உருண்டை முழுமையானது, குடும்பம் ஒன்றுகூடுவதற்கான சொல்லும் கிட்டத்தட்ட அதே ஓசை. பினாங்குக் கடற்கரையில் அன்று திருமணமாகாத பெண்கள் நல்ல கணவன் வேண்டிக் கடலில் ஆரஞ்சு எறிவார்கள். இப்போது பழத்தின் மேல் கைப்பேசி எண்ணை எழுதி எறிபவர்களும் உண்டு.

இதுவரை யாரையும் பார்க்கப் போக நேரம் கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, இந்த இரவுவரை வாழ்த்துச் செல்லும். அதற்குள் எல்லார் வீட்டிலும் ஆரஞ்சு குவிந்து வாட ஆரம்பித்திருக்கும். நீங்கள் கொண்டுபோகும் ஜோடியாவது வாடாமல் இருக்கட்டும். திரும்பி வருவது நீங்களே போன வாரம் இன்னொரு வீட்டில் கொடுத்த அதே ஜோடியாக இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.